பட்டியலில் இல்லாத பாட்டில்

ஜனவரி 18, வியாழன்

மதியம் தேவசகாயம் சார் அறைக்குள் தலையை நீட்டி, "உலகம்மா, இந்தத் தடவை மலைக்கு நீங்க வாறீங்களா?" என்று கேட்டார். அவர் முடிப்பதற்குள் "வாறேன் சார்" என்றுவிட்டேன். எந்த மலை, எத்தனை நாள், ஒன்றும் கேட்கவில்லை. என்னைப் பெண் பார்க்க வந்தபோதுகூட இவ்வளவு வேகமாக நான் தலையாட்டவில்லை.

பாபநாசத்துக்கு மேலே எட்டு நாள். செடி கணக்கெடுப்பு. எப்போதும் கூடப் போகிற அட்டெண்டர் அந்த வாரம் மகளுக்குக் கல்யாணம் வைத்துவிட்டார். அந்தப் பெண் தீர்க்காயுசாக இருக்கட்டும்.

இருபத்திரண்டு வருஷமாக இந்தக் கல்லூரி ஹெர்பேரியத்தில் வேலை. யார் யாரோ காட்டிலிருந்து கொண்டு வருகிற செடியைக் காயவைத்து, அட்டையில் ஒட்டி, லேபிள் எழுதி அலமாரியில் அடுக்குவேன். "பூ: வெளிர் ஊதா" என்று எழுதுவேன். கையில் இருக்கும் பூ காப்பிப்பொடி நிறத்தில் இருக்கும். ஊதாவை ஒரு நாளும் பார்த்ததில்லை.

ஒரே ஒரு சங்கடம். எனக்குச் சர்க்கரை. ஆறு வருஷமாகக் காலையும் மாலையும் இன்சுலின் ஊசி. கல்லூரியில் யாருக்கும் தெரியாது. போன வருஷம் ஒரு மாணவனுக்கு மேலே மூச்சுத்திணறல் வந்து, டோலி கட்டி பதினாலு கிலோமீட்டர் தூக்கி இறக்கினார்கள். அதிலிருந்து சார் ஒரு விதி வைத்திருக்கிறார்: நோய் உள்ளவர்கள் மலைக்கு வேண்டாம். இன்று கொடுத்த தாளில் முதல் வரியே அதுதான். அடிக்கோடு வேறு.

ஜனவரி 20, சனி

தாளில் முப்பத்தொரு சாமான். விசில், கயிறு, பிளாஸ்டிக் உறையில் தீப்பெட்டி, மெழுகுவர்த்தி, அட்டைக்கடிக்கு மூக்குப்பொடி, ஊசிநூல், கட்டுத்துணி, இரண்டு ஜோடி காலுறை, கல் உப்பு. ஒவ்வொன்றாக வாங்கி டிக் போடுகிறேன். கல்யாணச் சீர் வாங்கின சந்தோஷம்.

கடைசி வரி மட்டும் தொண்டையில் நிற்கிறது. "வெல்லம், பழம், இனிப்புப் பண்டம் எதுவும் கூடாது. யானை வரும்."

ஊசி போட்டவள் நேரத்துக்குச் சாப்பிடாவிட்டால் சர்க்கரை சடசடவென்று இறங்கும். கை நடுங்கும், வியர்த்துக் கொட்டும், பேச்சு குழறும், அப்புறம் ஆள் சரிந்துவிடுவாள். உடனே இனிப்பு உள்ளே போனால் பத்து நிமிஷத்தில் எழுந்து உட்காரலாம். போகாவிட்டால் எழுந்திருக்காமலே போகலாம். எனக்கு உணவு இட்லி என்றால் மருந்து இனிப்பு. அது இல்லாமல் காட்டுக்குள் போவது கிறுக்குத்தனம், அது எனக்கே தெரியும்.

வீட்டுக்காரரிடம் சொன்னேன். மின்வாரியத்தில் லைன்மேன். திருமலைக்குமார் என்று இவ்வளவு நீளமாகப் பெயர் வைத்திருக்கிறார்களே தவிர, பேச்சு ரொம்பச் சுருக்கம்.

"சாருக்கு உன் சுகர் தெரியுமா?"

"தெரியும்."

முறுக்கைக் கடித்தபடி என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு டிவியைப் பார்த்தார்.

ஜனவரி 24, புதன்

உடல்தகுதிச் சான்று வாங்கியாயிற்று. வழக்கமான டாக்டரிடம் போனால் கிளினிக்கே அதிர்கிற மாதிரி கத்துவார். பஸ் ஸ்டாண்டு பக்கம் புதிதாக வந்திருக்கிற டாக்டரிடம் போனேன். "ஏதாவது பிரச்சினை இருக்கா?" என்றார். "முழங்கால் லேசா வலிக்கும் டாக்டர்" என்றேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தேன். கையெழுத்துப் போட்டுவிட்டார். வெளியே வந்து செருப்பை இடம் வலம் மாற்றி மாட்டிக்கொண்டு பாதித் தெரு நடந்தேன்.

ஜனவரி 27, சனி

இன்சுலின் வெயிலில் சூடானால் கெட்டுப்போகும். மேலே ஃப்ரிட்ஜ் கிடையாது. இதை நான் அவரிடம் கேட்கவே இல்லை. காலையில் பார்த்தால் என் பழைய எவர்சில்வர் பிளாஸ்க்கைப் பரணிலிருந்து இறக்கி வைத்திருக்கிறார். ஈரத்துணி சுற்றின இன்சுலின் பேனா ஊசியை உள்ளே இறக்கி, வெளியே இன்னொரு ஈரத்துணி சுற்றி, எங்கிருந்தோ கொண்டுவந்த தெர்மாமீட்டரையும் செருகி, மொட்டைமாடி வெயிலில் வைத்துவிட்டு இரண்டு மணிக்கொருதரம் ஏறி ஏறிப் பார்த்தார். சாயங்காலம் இறங்கி வந்து, "இருபத்தாறு. போதும்" என்றார்.

அதே மாதிரி இன்னொரு பிளாஸ்க்கும் தயார். "ஒண்ணு பையில, ஒண்ணு இடுப்புல. கம்பத்துல ஏறும்போது ரெண்டு பெல்ட்டு போடுவோம்லா."

நான் எட்டு கிலோ அரிசியை முதுகில் கட்டிக்கொண்டு மாடியில் நாற்பது சுற்று நடந்தேன். பக்கத்து வீட்டில் ரேஷன் கடை இடம் மாறிவிட்டதா என்று கேட்டார்கள்.

இந்த மனுஷனிடம் பொய் சொல்லியிருக்கிறேன். அதைப் பற்றி இன்று எழுதப்போவதில்லை.

ஜனவரி 31, புதன்

வழி கண்டுபிடித்துவிட்டேன். குளுக்கோஸ் பொடிக்கு வாசனை கிடையாது. கண்ணாடிப் பாட்டிலில் போட்டு இறுக்கி மூடினால் யானைக்கும் தெரியாது. ஆனால் மனுஷர்கள் பார்த்தால் "குளுக்கோஸ் எதுக்கு?" என்று கேட்பார்கள். அதனால் ஹெர்பேரியத்திலிருந்து காலியான புதுப் பாட்டில் ஒன்றை எடுத்து, கழுவிக் காயவைத்து, பொடியை நிரப்பி, மேலே லேபிள் ஒட்டினேன். "மெர்குரிக் குளோரைடு. கொடிய விஷம்." சிவப்பு மையில் மண்டையோடும் வரைந்தேன். காய்ந்த செடியைப் பூச்சி அரிக்காமல் இருக்கப் பூசும் மருந்து அது. பார்ப்பதற்கு அச்சாகக் குளுக்கோஸ் மாதிரியே வெள்ளைவெளேரென்று இருக்கும். எங்கள் ஆட்கள் ஒருத்தரும் தொடமாட்டார்கள்.

என் மூளையை நானே மெச்சிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

பிப்ரவரி 4, ஞாயிறு

பை ஒன்பது கிலோ. மூன்று தரம் பிரித்துக் கட்டியாயிற்று. இடுப்புப் பையில் அவசரத்துக்குப் பத்து எள்ளுருண்டையும் வைத்திருக்கிறேன். தூங்க வேண்டும்.

பிப்ரவரி 5, திங்கள்

மேல்முகாம். கை வலிக்கிறது, ஆனாலும் எழுதாமல் படுக்க மனசில்லை.

நாங்கள் நாலு பேர். சார், நான், சாரிடம் ஆராய்ச்சி செய்கிற ஷிஃபானா, வழிகாட்டி பூதத்தான். பூதத்தான் இந்த மலையில் பிறந்த காணிக்காரப் பழங்குடி. நாற்பது வயது இருக்கலாம். கால்பந்துச் சட்டையும் பச்சைத் தொப்பியும் போட்டுக்கொண்டு வாய் ஓயாமல் பேசுவார், காட்டுக்குள் நுழைந்ததும் சுவிட்சை அணைத்த மாதிரி நிறுத்திவிடுவார்.

அடிவாரத்திலேயே எல்லார் பையையும் தார்ப்பாயில் கொட்டச் சொன்னார். என் எள்ளுருண்டை அகப்பட்டது.

"யக்கா, இது என்னது?"

"எள்ளுருண்டை."

"போன மாசம் ஒரு அச்சு வெல்லத்துக்காக யானை முகாம் கதவைப் பேத்துப் போட்டுட்டு. இதுக்கு ஒரு குடும்பமே வரும்." எடுத்து செக்போஸ்ட் காவலரிடம் கொடுத்துவிட்டார். அந்தக் காவலர் என் கண் முன்னாலேயே ஒன்றை வாயில் போட்டார்.

பாட்டில் இருக்கிறதே என்று நான் பேசாமல் இருந்தேன். அடுத்தது பாட்டில். அதைத் தூக்கிப் பார்த்த சார், "மலைக்கு இதை எதுக்கும்மா கொண்டு வந்தீங்க?" என்றார். "பழக்கதோஷம் சார்" என்றேன். கையில் வைத்து லேசாக ஒருதரம் ஆட்டிப் பார்த்தார். பிறகு விதிப்படி செய்தார். விஷம் எதுவானாலும் பூட்டு போட்ட தகரப்பெட்டியில்தான் போக வேண்டும். ஃபார்மலின், ஸ்பிரிட், அதோடு என் பாட்டில். சாவி அவர் கழுத்துக் கயிற்றில் ஜெபமாலையோடு தொங்குகிறது.

பெட்டியைப் பூதத்தான் சுமக்கிறார். நான் பூதத்தானுக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டே ஏறினேன். "யக்காவுக்கு என்மேல என்ன பாசம்" என்று ஷிஃபானாவிடம் சொல்லிச் சிரித்தார்.

அப்போதே சொல்லியிருக்கலாம். திரும்பிப் போகச் சொல்லுவார். நேரத்துக்குச் சாப்பிட்டால் ஒன்றும் ஆகாது.

பிப்ரவரி 6, செவ்வாய்

பார்த்துவிட்டேன். ஓடைக்கு மேலே பாறை இடுக்கில், ஒரு கை உயரம், நாலு பூ. நான் முந்நூறு தரமாவது லேபிள் எழுதின ஆர்க்கிட். வெளிர் ஊதா என்றால் இதுவா? உள்ளே தொண்டைப் பக்கம் மஞ்சள் புள்ளி இருக்கிறது, அதை யாருமே எழுதவில்லை. பூவின் மேல் தண்ணீர் நிற்கிறது. காற்றில் ஆடுகிறது. ஆடும் என்று எனக்குத் தோன்றியதே இல்லை.

அழுதுவிட்டேன். அட்டை கடித்துவிட்டதோ என்று ஷிஃபானா என் காலைப் பார்த்தாள். ஆமாம் என்று சொல்லிவைத்தேன்.

ஊசி காலை ஆறரைக்கு, குளிக்கிற சாக்கில் பாறைக்குப் பின்னால். பிளாஸ்க் சில்லென்று இருக்கிறது. அவரை நினைத்துக்கொண்டேன்.

பிப்ரவரி 8, வியாழன்

உயிரோடு இருக்கிறேன். நேற்று எழுதவில்லை. எனக்கு நினைவில்லாததை ஷிஃபானா சொன்னாள், அதையும் சேர்த்து எழுதுகிறேன்.

நேற்றுக் காலை ஊசி போட்டுக்கொண்டு கொஞ்சம் உப்புமா சாப்பிட்டேன். பத்தரைக்கு முகாம் திரும்பி அரிசிக்கஞ்சி குடிப்பதாகத் திட்டம். திரும்புகிற வழியில் ஓடைக்கு அந்தப் பக்கம் யானைக் கூட்டம். ஏழோ எட்டோ. குட்டி வேறு. பூதத்தான் கையைக் கீழே அமர்த்திக் காட்டினார். நாலு பேரும் பாறைக்குப் பின்னால் உட்கார்ந்தோம். பேசக்கூடாது, அசையக்கூடாது. பதினொன்றாயிற்று. பன்னிரண்டாயிற்று. யானைகள் மூங்கிலை ஒடித்து ஒடித்துத் தின்றன. அவற்றுக்கு நேரத்துக்குச் சாப்பாடு கிடைத்துக்கொண்டிருந்தது.

முதலில் கை நடுங்கியது. அப்புறம் ரவிக்கை நனைந்து ஒட்டுகிற மாதிரி வியர்வை. தகரப்பெட்டி இரண்டு முழத்தில் இருந்தது. சாரின் கழுத்துச் சாவியைக் கை காட்டினேன். அவர் ஜெபம் பண்ணச் சொல்கிறேன் என்று நினைத்துச் சிலுவை போட்டுக்கொண்டார்.

அதற்குப் பிறகு எனக்குத் துண்டு துண்டாகத்தான் நினைவு. யானைகள் மேட்டில் ஏறிப் போயிருக்கின்றன. நான் பெட்டியின் மேல் விழுந்து "பாட்டில், பாட்டில்" என்று குழறியிருக்கிறேன். சார் பெட்டியைத் திறந்ததும் மண்டையோடு போட்ட பாட்டிலைப் பிடுங்கி மூடியைக் கடித்திருக்கிறேன். ஷிஃபானா பாய்ந்து என் கையைத் திருகிப் பாட்டிலைப் பறித்துவிட்டாள். "சார், அக்கா விஷத்தைக் குடிக்கப் பாக்காங்க."

"சக்கரை... சக்கரை" என்றேனாம். "இனிப்பு" என்றேனாம். யாருக்குப் புரியும்? புத்தி பிசகி உளறுகிறேன் என்று என் இரண்டு கையையும் பூதத்தான் துண்டால் கட்டப்போனாராம்.

சார்தான் நிறுத்தியிருக்கிறார். என் முகத்துப் பக்கம் குனிந்து, "உலகம்மா, இது என்ன? ஒரு வார்த்தை" என்று கேட்டிருக்கிறார்.

"குளுக்கோஸ்" என்றேனாம்.

சார் லேபிளைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். மீதி ஷிஃபானா சொன்னபடியே: "சார், வேண்டாம் சார், லேபிள் அக்கா கையெழுத்துதான், அக்கா தப்பா எழுதவே மாட்டாங்க"ன்னு நான் கெஞ்சுனேன்க்கா. சார் மூடியைத் திறந்து, சுண்டுவிரலைத் தொட்டு, அவர் நாக்குல வச்சாரு.

அப்புறம்தான் தண்ணீரில் கரைத்து என் வாயில் ஊற்றியிருக்கிறார்கள். கால் மணி நேரத்தில் எழுந்து உட்கார்ந்தேன். என் தலை சாரின் பையின் மேல் இருந்தது. கடவுளே, உனக்கு ஒன்று, அந்த மனுஷனுக்கு ஒன்று, இரண்டு கும்பிடு.

சாயங்காலம் எல்லாவற்றையும் சொன்னேன். ஆறு வருஷ ஊசி, புது டாக்டர், பாட்டில், எல்லாம். சார் முழுக்கக் கேட்டுக்கொண்டார். திட்டினால் தேவலை என்று இருந்தது.

இன்று காலைதான் பேசினார். "அடிவாரத்துல தூக்கினப்பவே கனமில்லையேன்னு பட்டுது. மெர்குரி அவ்வளவு லேசா இருக்காது. ஆனா உங்க லேபிள். அதுக்கு மேல நான் யோசிக்கல."

எனக்குப் பூமிக்குள் போய்விடலாம் போல இருந்தது. "நான் இறங்கிப் போயிருதேன் சார்" என்றேன்.

"உங்களை யாரு இறங்கச் சொன்னா? முதல்ல கஞ்சியக் குடிங்க." கஞ்சியை என் பக்கம் நகர்த்திவிட்டு, "போன வருஷம் அந்தப் பையனைத் தூக்கிட்டு இறங்குனப்ப, வழி முழுக்கச் செத்துருவான் செத்துருவான்னு பயந்துகிட்டே வந்தேன். அந்தப் பயத்துல விதி போட்டேன். உங்களைப் பொய் சொல்ல வச்சதுல எனக்கும் பாதி இருக்கு" என்றார்.

பூதத்தான் இதையெல்லாம் கேட்டுக்கொண்டு அடுப்பை ஊதிக்கொண்டிருந்தார். எழுந்து வந்து தார்ப்பாயை விரித்தார். "யக்கா ஒருத்தி மட்டுந்தானா? இன்னும் என்னென்ன ஒளிச்சு வச்சிருக்கீயன்னு எல்லாரும் எடுத்துப் போடுங்க. நேத்து மாதிரி இன்னொரு கூத்துக்கு என் நெஞ்சு தாங்காது."

நான் இரண்டு பிளாஸ்க்கையும், விரலைக் குத்திச் சர்க்கரை பார்க்கிற சோதனை ஊசியையும் வைத்தேன். பிறகு ஷிஃபானா மெதுவாகக் காலுறைக்குள் கையை விட்டு, மூச்சுத்திணறலுக்கு உறிஞ்சுகிற இன்ஹேலரை எடுத்து வைத்தாள். சார் அவளையே பார்த்தார். போன வருஷப் பையனுக்கு வந்த அதே வியாதி. சின்ன வயசிலிருந்தே இருக்கிறதாம். சொன்னால் ஆராய்ச்சியே போய்விடும் என்று பயந்திருக்கிறாள்.

சார் பேன்ட்டை முழங்கால் வரை சுருட்டினார். இரண்டு காலிலும் முட்டிக்கவசம். சட்டைப்பையிலிருந்து ரத்த அழுத்த மாத்திரை. "காலையில ஒண்ணு. நீங்க குளிக்கப் போற நேரம் பார்த்துத்தான் நானும் போடுவேன்" என்றார்.

மூன்று பேரும் பூதத்தானைப் பார்த்தோம். அவர் தொப்பியைக் கழற்றி, உள்மடிப்பிலிருந்து ஒரு மூக்குக்கண்ணாடியை எடுத்தார். "கிட்டத்துல எழுத்து தெரியாது. வழிகாட்டிக்குக் கண்ணு போச்சுன்னா சம்பளம் யார் குடுப்பா? மண்டையோடு மட்டும் தெரிஞ்சுது, அதான் யக்காவைக் கட்டப் போனேன்."

முதலில் சிரித்தது யார் என்று தெரியவில்லை. நான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். முப்பத்தொரு சாமான் பட்டியலில் இவற்றில் ஒன்றுகூட இல்லை. எல்லாவற்றையும் ஒரே பையில் போட்டுப் பெரிதாகப் பெயர் எழுதி, முகாமில் இருந்தால் வாசல் ஆணியிலும் நடந்தால் பூதத்தான் தோளிலும் தொங்கவிட்டிருக்கிறோம். பூட்டு கிடையாது.

பிப்ரவரி 10, சனி

உடம்புக்கு முடியாதவர்தான் முன்னால் நடக்க வேண்டும் என்கிறார் பூதத்தான். அவர் வீட்டு வழக்கமாம். பின்னால் விட்டால் விழுந்தது தெரியாதாம். யார் முதலில் என்று மூன்று நோயாளிக்கும் அரைமணி நேரம் சண்டை. இன்று நான். எல்லாரும் என் வேகத்துக்கு நடந்தார்கள். ஒரு மணி நேரத்துக்கொருதரம் நின்று, "யக்கா, விரலைக் குத்தியாச்சா?" என்று கேட்டார்கள். வீட்டில்கூட என்னை இப்படி யாரும் தாங்கியதில்லை என்று எழுதவந்தேன். அது பொய். அடித்துவிட்டேன்.

பிப்ரவரி 12, திங்கள்

வீடு.

மதியம் மூன்று மணிக்கு அடிவாரத்துக்கு வந்தோம். செக்போஸ்டில் அவர் பைக்கோடு நின்றார். வழி நெடுக ஒத்திகை பார்த்துக்கொண்டே இறங்கினேன், சொல்லிவிட வேண்டும் என்று. கிட்டே போனதும் ஒத்திகையெல்லாம் போய்விட்டது.

"ஏங்க, சாருக்கு என் சுகர் தெரியாது. நான் சொல்லல. உங்ககிட்டப் பொய் சொன்னேன்."

"தெரியும்" என்றார்.

"எப்படி?"

"தெரிஞ்சிருந்தா அந்த மனுஷன் எனக்குப் போன் போட்டு நூறு கேள்வி கேட்டிருப்பாரு. ஒண்ணும் வரல."

"பிறகு ஏன் விட்டீங்க?"

பையை என் முதுகிலிருந்து கழற்றி பைக்கில் கட்டினார். கயிற்றை இரண்டு முடிச்சுப் போட்டு, இழுத்துப் பார்த்து, மறுபடி அவிழ்த்துக் கட்டினார். "நீ எதையும் வேணும்னு கேட்டதில்ல. இதைக் கேட்ட."

அப்போது செக்போஸ்ட் காவலர் உள்ளேயிருந்து வந்தார், என் எள்ளுருண்டையைத் தின்றவர். "உங்க வீட்டுக்காரரா? கூட்டிட்டுப் போங்கம்மா. எட்டு நாளா லீவு போட்டுட்டு இங்கதான் படுக்கை. எங்க மோட்டார், ஃபேன், வயரிங் ஒண்ணு விடாம ரிப்பேர் பண்ணியாச்சு. மேலேயிருந்து யாராவது இறங்குனா ஓடிப்போய், 'அந்தம்மா நடக்கா?'ன்னு கேட்பாரு. பையில இருக்கிற குளுக்கோஸ் பாக்கெட்டை எங்களுக்கும் தரமாட்டாரு."

நான் அவரைப் பார்த்தேன். அவர் மோட்டார் அறையைப் பார்த்தார்.

பைக்கில் ஏறி உட்கார்ந்து அவர் முதுகில் தலையைச் சாய்த்தேன். கல்யாணமான புதிதில்கூடச் செய்ததில்லை. ரோட்டில் ஆள் போனார்கள். போகட்டும்.

கொஞ்ச தூரம் போனதும், "என்ன பார்த்த?" என்று கேட்டார். பாபநாசம் பாலத்தில் ஆரம்பித்தேன். விக்கிரமசிங்கபுரம் தாண்டியது, அம்பாசமுத்திரம் தாண்டியது, வண்டி இருபதைத் தாண்டவில்லை. பின்னால் வந்த பஸ்ஸெல்லாம் ஹாரன் அடித்து ஏசிக்கொண்டு முந்திப் போயின. வீட்டு வாசலில் இறங்கியபோது நான் இன்னும் இரண்டாம் நாளில்தான் இருந்தேன். அவர் சாவியைப் போடாமல் படியில் உட்கார்ந்து, "மஞ்சள் புள்ளின்னியே, எந்த இடத்துல?" என்றார்.